கடியக்காவும் வெள்ளைத் தொப்பியும்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு அவர் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களானால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடியக்கா என்று கேளுங்கள். வாசல் காவலாளியிலிருந்து கீழே இருக்கும் மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரும் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

குழந்தைகளுக்கு மட்டுமேயான ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, அலறுகிற பிள்ளைகளை வாய் திறக்க வைப்பது, இதுதான் அண்ணியின் வேலை. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் பிள்ளைகள் கடித்த தழும்பு நிறைய உண்டு. பெயர் அதனால் வந்தது என்பார்கள் சிலர். நாள் முழுக்க "கடி, நல்லா கடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்தது என்பார் டாக்டரம்மா. அண்ணி போடும் கடி ஜோக்கினால்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி தன் சிநேகிதிகளுக்கு என்னை அறிமுகப்படுத்திய லட்சணத்தைக் கேளுங்கள். "இவ கடையில செருப்பு கடிக்கும், என் கடையில பிள்ளைங்க கடிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்!" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. கோபம் மட்டும் கூப்பிடாமலே வரும்.

மாமியார் இல்லாத வீட்டுக்குப் போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். மாமியாருக்கும் சேர்த்து ஒரு நாத்தனார் இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாய் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அந்த மும்முரத்தில் தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டார் என்பார் என் வீட்டுக்காரர். மறக்கிற சமாச்சாரமா அது? அண்ணியிடம் கேட்டால், "மாட்டைப் பல்லைப் பார்த்து வாங்குவாங்க. நான் மாப்பிள்ளைக்கும் பல்லைத்தான் பார்த்தேன். ஒருத்தனும் தேறல" என்று அதையும் கடி ஜோக்காக்கிவிடுவார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஆனால் பால் பல் என்று வந்துவிட்டால் ஜோக்கெல்லாம் கிடையாது. "விழப்போற பல்லுதானே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "விழப்போற பல்லுதான். ஆனா விழ வேண்டிய நேரத்துல விழணும். அவசரப்பட்டுப் பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாய்ஞ்சு அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் வர்ற பல்லு எங்க போய் நிக்கும்? நடுத்தெருவுலயா?"

அதற்காகத்தான் சொத்தையான பால் பல்லைச் சுத்தம் செய்து, மேலே ஒரு தொப்பி போட்டு மூடுகிறார்கள். முதலில் இருந்தது இரும்புத் தொப்பி. உண்மையில் அது எஃகு, ஆனால் அங்கே எல்லோரும் இரும்பு என்றுதான் சொல்வார்கள். மெல்லிய தகடு, பளபளவென்று இருக்கும். அதன் விளிம்பு லேசாக உள்ளே வளைந்து பல்லைக் கவ்விக்கொள்ளும். விரலால் உட்கார வைத்து, பிள்ளையிடம் "கடி" என்றால், கடிக்கிற கடியில் டக்கென்று இறங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை சுத்தம். அதன் பிறகு பிள்ளை எதை மென்றாலும் அந்தத் தகடு வளைந்து கொடுத்துத் தாங்கும், பல்லோடு சேர்ந்துதான் விழும்.

இப்போது கொஞ்ச காலமாக வெள்ளைத் தொப்பி வந்திருக்கிறது. சிர்கோனியா என்று ஒரு பொருள், பார்க்கப் பீங்கான் போலவே இருக்கும். பல்லைவிடக் கெட்டி, கறை பிடிக்காது, நிஜப் பல் என்றே தோன்றும். ஒரே ஒரு குணம், அது வளையாது. அதனால் பல்லை அதற்கேற்றாற்போல நன்றாகச் செதுக்கி, தொப்பி லேசாக உட்காரும்படி செய்து, சிமெண்ட் இறுகும்வரை விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இறுகிவிட்டால் பிறகு எத்தனை வருஷமானாலும் அசையாது. முழுதாக உட்காருவதற்குள் கடித்து அழுத்தினால் மட்டும் விரிசல் விட்டுவிடும். "இரும்பு அனுசரிச்சுப் போகும். வெள்ளை முறைச்சுக்கிட்டு நிக்கும், உன்னை மாதிரி" என்று அண்ணி எனக்கு விளக்கினார். இதற்கும் நான் சிரிக்கவில்லை.

இத்தனையும் நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது எங்கள் வீட்டுப் பொடிசினால். ஏழு வயது, எங்களுக்கு ஒரே பெண். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வலி தாங்காமல் அழுதாள். அண்ணி வெளியூர் போயிருந்த சமயம், நானும் என் வீட்டுக்காரரும் பதறிப்போய் பக்கத்தில் இருந்த வேறொரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பிள்ளையைத் துணியில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்தார்கள். வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை. அன்றோடு வாயை மூடினவள்தான். பல் தேய்க்கக்கூட என்னை விடமாட்டாள். அண்ணி திரும்பி வந்து, தினமும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, தன் வாயைத் திறந்து காட்டி, அவள் வாயைத் திறக்க வைக்க மாதக்கணக்கானது. அதுவும் அண்ணி ஒருவருக்கு மட்டும்தான் திறப்பாள்.

அதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "இப்பவே நரம்பை வைத்தியம் பண்ணித் தொப்பி போட்டா பல்லைக் காப்பாத்திடலாம். மறுபடி பயந்து வாயை மூடிட்டான்னா, பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டியதுதான். இன்னொரு சான்ஸ் கிடைக்கும்னு எனக்குத் தோணல."

பொடிசு ஒரு நிபந்தனை போட்டாள். அவள் வகுப்பில் இரும்புத் தொப்பி போட்ட ஒரு பையனைத் தகரடப்பா என்று கூப்பிடுகிறார்களாம். "வெள்ளை போட்டா வர்றேன். இல்லைன்னா வரமாட்டேன்." அண்ணிக்கு இரும்புதான் இஷ்டம். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் அண்ணி, வெள்ளை சீக்கிரம் உடைஞ்சிடுமா?"

"உடையாது. ஒழுங்காப் போட்டா அதுவும் பல்லு விழற வரைக்கும் நிக்கும். எனக்குக் கை பழகினது இரும்புல. அவ்வளவுதான்."

"உங்க கை பழக்கத்துக்காக என் பொண்ணு தகரடப்பான்னு பேர் வாங்கணுமா?"

அண்ணி டாக்டரம்மாவிடம் சொல்லி வெள்ளைத் தொப்பிக்கே ஏற்பாடு செய்தார்.

குறித்த நாளில் மத்தியானம் போனோம். சின்ன அறை. சுவரில் யானை முகமூடி போட்ட கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. நாற்காலியில் பொடிசு படுத்திருந்தாள். நான் அவள் காலடியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டதற்கு ஒரு துள்ளல், அவ்வளவுதான். அண்ணி காதருகே ஏதேதோ உளறிக்கொண்டே இருந்தார். "யானைக்குப் பல்லு வலிச்சா எந்த டாக்டர்கிட்ட போகும்? தந்த டாக்டர்கிட்ட!" பொடிசுக்கு விளங்கவில்லை, ஆனாலும் கண்ணை மூடவில்லை. நரம்பு வைத்தியம் முடிந்தது. பல்லைச் செதுக்கினார்கள். தொப்பியை வைத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கழுவி, துடைத்து, உள்ளே சிமெண்ட் நிரப்பி, டாக்டரம்மா விரலால் உட்கார வைத்தார். அப்பாடா, கரையேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா பஞ்சு எடுக்கத் திரும்பினார். அண்ணியின் விரல் தொப்பியின் மேல் போனது. பொடிசு அத்தையை அண்ணாந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அண்ணி சிரித்து, விரலை எடுத்து, இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னதைச் சொன்னார்.

"கடி தங்கம். நல்லா கடி."

சொன்ன பேச்சைத் தட்டாமல், முகமெல்லாம் சுருங்க, பலங்கொண்ட மட்டும் கடித்தாள் என் பெண்.

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. உறிஞ்சு குழாயின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்து, பார்த்து, "அழகா உட்கார்ந்திருக்கு" என்றார்.

"டாக்டர், எடுத்துடுங்க" என்றார் அண்ணி.

"என்னக்கா?"

"வாய் தவறி கடின்னு சொல்லிட்டேன். கடிச்சிட்டா. உள்ள டிக்குன்னுச்சு. விரிசல் விட்டிருக்கு."

டாக்டரம்மா விளக்கை இழுத்து, காற்றடித்து ஈரத்தை உலர்த்தி, எல்லாப் பக்கமும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியல. ஆனா அந்தச் சத்தம் வரக்கூடாத சத்தம். சிமெண்ட் இன்னும் இறுகல டாக்டர். இப்பன்னா கையால எடுத்துடலாம். இறுகிட்டா மெஷின் வச்சு அறுத்துத்தான் எடுக்கணும்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "விடுங்க அண்ணி! டாக்டரே ஒண்ணும் தெரியலைங்கறாங்க. முடிஞ்சுபோனதை ஏன் மறுபடி கிளறணும்? மறுபடி வாயை மூடிக்கிட்டான்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதை விட்டுட்டா என்னைக்காவது சாப்பிடும்போது துண்டாகும். தொண்டையில போய் மாட்டும். இல்ல, கீறல் வழியா எச்சில் இறங்கி உள்ளுக்குள்ள பல்லு கெட்டுப்போகும், நமக்குத் தெரியவே தெரியாது."

"உடையாமலும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்" என்றார். அந்த நேர்மையைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு பேச்சுக்காவது சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கருவியை எடுத்து, தொப்பியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். பொடிசு ம்ம்ம் என்று முனகினாள். தொப்பி முழுசாகக் கையோடு வந்தது. முத்து மாதிரி, ஒரு குறையும் இல்லாமல்.

"பாருங்க! நல்லாத்தானே இருக்கு!" என்று முக்காலியை விட்டு எழுந்து, தட்டிலிருந்து அதை எடுத்தேன். சிமெண்ட் விரலில் பிசுபிசுத்தது. இதற்காகவா என் பிள்ளையை இந்தப் பாடு படுத்தினீர்கள் என்ற ஆங்காரத்தில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினேன். பல்லைவிடக் கெட்டியான அது, அண்ணி சொன்ன விரிசலில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தரையில் விழுந்து உருண்டது.

"உடைச்சாச்சா! சொன்னதை ஒழுங்கா செய்யத் தெரியாதா? எல்லாத்தையும் கெடுத்தாச்சு!" என்று கத்தினேன். அண்ணியைத்தான் சொன்னேன். ஆனால் யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அறை முழுவதும் கேட்கும்படி கத்தினேன் என்பது மட்டும் நிச்சயம்.

பொடிசின் வாய் மூடிக்கொண்டது.

டாக்டரம்மா கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்டிக்கர் காட்டினார், பலூன் ஊதிக் காட்டினார். உதடு இரண்டும் ஒட்டிவைத்த மாதிரி இருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது, சத்தமே இல்லை. உள்ளே செதுக்கிய பல் திறந்து கிடந்தது. "மரத்துப்போனது இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அப்புறம் தொட முடியாது" என்று டாக்டரம்மா என் காதில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி, மயக்க மருந்து, பல் போன வெற்றிடம், எல்லாம் கண்முன் வந்து நின்றன.

அண்ணி கையுறையைக் கழற்றினார். ஜோக் ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன், வந்திருந்தால் அறைந்திருப்பேன். வரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படுத்திருந்த பிள்ளையின் முகத்துக்கு இப்போது அவர் முகம் கீழே இருந்தது.

"தங்கம், அத்தை ஒண்ணு சொல்லட்டுமா? நீ திறக்க வேண்டாம். சும்மா கேளு. வெள்ளைத் தொப்பிக்குக் கடின்னு சொல்லக்கூடாது. அத்தை பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். நீ நான் சொன்னபடிதான் செஞ்ச. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பிறகு பல்லிடுக்கு வழியாக, மரத்துப்போன உதட்டால் குழறிக்கொண்டு வந்தது. "நான் உடைக்கலையா?"

"நீ உடைக்கல. அத்தைதான் உடைச்சேன்."

"அம்மா என்னைத்தான் கத்துனாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "அத்தையைத்தான் கத்துனாங்க. அத்தை திட்டு வாங்க வேண்டியதுதான். வாங்கிட்டேன்."

"இப்ப வலிக்குமா?"

"கொஞ்சம் அழுத்தும். அழுத்தும்போது சொல்லிட்டுத்தான் அழுத்துவேன். ஆனா இன்னைக்கு வெள்ளை கிடையாது தங்கம். உன் அளவுல இருந்தது அது ஒண்ணுதான். இரும்புதான் இருக்கு."

பொடிசு கூரையைப் பார்த்தாள். அந்தக் குட்டித் தலைக்குள் தகரடப்பா எத்தனை தடவை உருண்டதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "அது உடையுமா?"

"உடையாது. அத்தை இத்தனை வருஷமா போட்டுருக்கேன். தேய்ஞ்சு ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கேன், எங்கேயோ ஒண்ணு ரெண்டு. உடைஞ்சதைப் பார்த்ததில்ல."

வாய் திறந்தது.

டாக்டரம்மா வினாடியையும் வீணாக்கவில்லை. அண்ணி எழுந்து புதுக் கையுறை மாட்டி எடுத்துக் கொடுத்த இரும்புத் தொப்பியை வாங்கி, வைத்துப் பார்த்து, வெளியே எடுத்து, விளிம்பைக் குறடால் சுற்றிலும் மடக்கி, மறுபடி வைத்துப் பார்த்தார். அண்ணி புதிதாகச் சிமெண்ட் குழைத்தார். குழைத்தது பதம் தவறவில்லை. தொப்பியை உட்கார வைத்தார்கள். பாதிதான் இறங்கியது. மீதிக்குக் கடிக்க வேண்டும்.

"இரும்புதானே டாக்டர்?" என்று அண்ணி கேட்டார். கையில் கொடுத்ததே அவர்தான்!

"இரும்புதான்க்கா. சொல்லுங்க."

"கடி தங்கம்."

பொடிசு கடிக்கவில்லை. இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "கடிக்கலாம்மா, இது தாங்கும்" என்றார் டாக்டரம்மா. தாடை அசையவில்லை. சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது. பாதியில் இறுகினால் மேல்பல் இடிக்கும், எல்லாம் முதலிலிருந்து, அதற்கு இந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்கவே போவதில்லை.

அப்போதுதான் அவள் யாரைப் பார்க்கிறாள் என்று கவனித்தேன். அத்தையை இல்லை, டாக்டரை இல்லை. தலையைத் தூக்கி, காலடியில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்சா திட்டுவீங்களா?" வாயை மூடாமலே குழறினாள்.

அவள் பாதத்தை மறுபடி பிடித்துக்கொண்டேன். "திட்டமாட்டேன் கண்ணு. நூறு தொப்பி உடைஞ்சாலும் திட்டமாட்டேன். கடி."

நம்பவில்லை. கண் அத்தை பக்கம் போனது. "நிஜமாவா அத்தை?"

அண்ணி உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். "நீ சொல்லு. நான் இவளுக்கு என்ன சொல்லட்டும்?"

என் கல்யாணத்திலிருந்து இத்தனை வருஷம் அந்த மனுஷியோடு சரிக்குச் சரி வாயாடியிருக்கிறேன். அன்று அழுகைதான் வந்தது. "நிஜம்னு சொல்லுங்க அண்ணி. சத்தியமா நிஜம்."

"நிஜம்தான் தங்கம்" என்றார் அண்ணி.

டக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

தொப்பி இன்னும் அப்படியே இருக்கிறது. வெள்ளை வரவழைத்து மாற்றலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்குப் பொடிசு வேண்டாம் என்றுவிட்டாள். சிரித்தால் ஓரத்தில் மினுக்கென்று தெரியும். பள்ளியில் என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அண்ணி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். இப்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும், "இரும்பா, வெள்ளையா?" என்று டாக்டரம்மாவிடம் உரக்கக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறாராம். பிள்ளைகள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, டாக்டரம்மாவுக்கு முன்னால் தாங்களே பதில் சொல்கிறார்களாம்.

போன வாரம் அடுப்படியில் சலங்கென்று ஒரு சத்தம். ஓடினேன். புதுக் கண்ணாடி ஜாடி, வாங்கி ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை, தரையெங்கும் சில்லு. பொடிசு ஒளியவில்லை, ஓடவில்லை. நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, நான்தான் உடைச்சேன்" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அசையாதே, கால்ல குத்திடும்" என்று மட்டும் சொல்லி, அவளைத் தூக்கி மேடையில் உட்கார வைத்தேன்.